இரவல் மூச்சு

"இன்னாபா பேச்சி, விடிஞ்சும் விடியாம அந்தப் புள்ளய அடிச்சிகினு கீற? பெத்தவ பாத்தா வுடுவாளா?"

மாடிப்படிக்குக் கீழே இருந்து அம்சவல்லி குரல் கொடுத்தாள்.

"சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்கான்க்கா. அதான்," என்றான் பேச்சிராஜ், கையை நிறுத்தாமல்.

அம்சவல்லியும் அவள் புருஷன் கோதண்டமும் வீட்டுக்காரர்கள். மாடி அறையை இந்த இரண்டு திருநெல்வேலிப் பையன்களுக்கு விட்ட புதிதில், சத்தம் கேட்டு அடிதடி என்றே நினைத்து, கோதண்டம் மண்வெட்டிக் காம்போடு மேலே ஓடிவந்தார். வந்தவர் கண்டது இதுதான். ஒருவன் கட்டிலில் குப்புறக் கிடக்கிறான். இடுப்புக்கு அடியில் தலையணை, தலை தாழ்ந்திருக்கிறது. இன்னொருவன் பக்கத்தில் மண்டியிட்டு, கோயிலில் தீர்த்தம் வாங்குகிறவன் மாதிரி உள்ளங்கைகளைக் குழித்துக்கொண்டு, அவன் முதுகில் மாறி மாறித் தட்டுகிறான். ஈளை இழுப்புக்கு வைத்தியம் என்று சொல்லிச் சமாளித்தார்கள். பிறகு அந்தச் சத்தம் வீட்டுக்குப் பழகிவிட்டது.

குப்புறக் கிடந்தவன் வனமாமலை. ஈளை இல்லை. பிறவியிலேயே வந்த நோய். சிஸ்டிக் ஃபைப்ரோஸிஸ் என்று வேலூர் ஆஸ்பத்திரியில் பெயர் சொன்னபோது அவனுக்கு மீசை முளைத்திருந்தது. அதற்கு முன்னால், காசநோய் என்று சொல்லி இரண்டு தடவை மாத்திரை கொடுத்து முடித்திருந்தார்கள். இந்த நோயில் நுரையீரலுக்குள் சளி தண்ணீராக ஓடாது, பிசினாக ஒட்டும். ஒட்டினதில் கிருமி குடியேறும். குடலுக்குச் செரிக்கிற நீர் போய்ச் சேராது. அதற்காக ஒவ்வொரு சாப்பாட்டோடும் மாத்திரை. வேர்வையில் உப்பு அளவில்லாமல் போகும். சட்டை காய்ந்தால் முதுகில் வெள்ளைக் கோடு விழும். பேச்சிராஜ் அவனுக்கு வைத்த பெயர் உப்பளம்.

எழுந்ததும் மெஷின். அது உப்புத் தண்ணீரைப் புகையாக்கித் தரும், இழுக்கவேண்டும். அப்புறம் முதுகு. அப்புறம் இருமி, டம்ளரில் துப்பி, நிறம் பார்க்கவேண்டும். வெள்ளை என்றால் அன்றைக்குப் பிழைத்தான். சாயங்காலமும் இதே பாடு. ஒரு நாள் சோம்பினால் மறுநாள் மாடிப்படி மலையாகிவிடும்.

எழுந்து உட்கார்ந்து இருமினான். துப்பினான். டம்ளரை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தான்.

"என்ன கலரு?" என்றான் பேச்சிராஜ்.

"லேசா மஞ்ச."

"பரவால்ல. இன்னைக்கு எந்தக் கலரா இருந்தா என்ன? ஊதப்போறது நானு." பேச்சிராஜ் கையைத் துடைத்துக்கொண்டான். "ஒன் கம்பெனி கார்ட மறந்துராத."

வனமாமலை முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"ஏல, மூஞ்சியத் தூக்காத. பிரெஸ்ஸுல பாதிப் பேரு அடுத்தவன் ரத்தத்தக் குடுத்துத்தான் மெடிக்கல் பாஸானவன். சுகர் இருக்கவனுக்கு இல்லாதவன் ஒண்ணுக்கு இருந்து குடுப்பான். போன வருசம் ஒருத்தனுக்குக் குடுத்தது நான். அந்த மூத்திரத்த வச்சு அவன் இன்னைக்கு லைன் லீடரு."

வனமாமலைக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு இருமலானது.

ஒரகடத்தில் அவர்கள் வேலை பார்த்த கம்பெனியில் சக்கர ரிம் செய்தார்கள். பேச்சிராஜ் தகட்டை அழுத்தி வளைக்கிற பிரெஸ் ஷாப்பில், போன வருஷமே பெர்மனென்ட் ஆனவன். வனமாமலை கடைசி இன்ஸ்பெக்‌ஷனில் டிரெய்னி. வெள்ளை விளக்குக்கு அடியில் ரிம்மைச் சுழற்றி, கீறலும் வெடிப்பும் பார்க்கிற வேலை. தூசி கிடையாது. உட்கார ஸ்டூல் உண்டு. பெர்மனென்ட் ஆகப்போகிறவர்கள் பட்டியலில் இந்தத் தடவை அவன் பெயர் இருந்தது. மெடிக்கல் ஒன்றுதான் பாக்கி. அதில் ஊதிக் காட்டுகிற டெஸ்ட் உண்டு.

பெர்மனென்ட் ஆனால் சம்பளத்தோடு சீக்கு லீவு. ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கம்பெனி இன்சூரன்ஸ். வருஷத்தில் ஒரு தடவையாவது அவன் வேலூரில் படுத்து நரம்பு வழியாக மருந்து ஏற்றிக்கொள்ளவேண்டும். டிரெய்னி அப்படிப் படுத்தால் திரும்பி வரும்போது ஸ்டூலில் வேறு ஆள் உட்கார்ந்திருப்பான். மறைமலை நகரிலும் சுங்குவார்சத்திரத்திலும் அப்படி ஸ்டூல் போயிருக்கிறது.

*

ஷிப்ட் மாறுகிற நேரம். வனமாமலை கேட்டில் கார்டைப் பதித்துவிட்டு உள்ளே வந்தான். வேலை முடிந்து வந்த பேச்சிராஜ் கேன்டீன் வாசலில் எதிர்ப்பட்டான். கையும் கையும் உரசிக்கொண்டன. கார்டு மாறிவிட்டது.

எல்லோர் முகத்திலும் மாஸ்க், எல்லோர் தலையிலும் தொப்பி. கார்டில் இருந்த போட்டோ, சேர்ந்த அன்றைக்கு எடுத்தது. ஒட்டிய கன்னமும் பெரிய கண்ணுமாக, யாரைப் போலவும் இருக்கும்.

மெடிக்கல் வேன் கேன்டீனின் பின்சுவரை ஒட்டி நின்றது. சுவருக்கு இந்தப் பக்கம் கை கழுவுகிற குழாய்கள். வனமாமலை குழாயைத் திறந்து கை கழுவினான். சோப்புப் போட்டு மறுபடியும் கழுவினான். நெஞ்சுக்குள் கரகரவென்றது. விழுங்கினான்.

"வனமாமலை!" வேனுக்குள்ளிருந்து பெண் குரல் கூப்பிட்டது.

அவன் வாய் தானாகத் திறந்தது. மூடிக்கொண்டான்.

"ஆமா மேடம்," என்றான் பேச்சிராஜ் சுவருக்கு அந்தப் பக்கம்.

"இதுக்கு முன்னாடி வீசிங், டிபி, வேற ஏதாவது?"

"ஒண்ணும் கெடையாது மேடம். கல்லுகணக்கா இருக்கேன்."

"கல்லு, விரலக் கொடு." கிளிப் மாட்டுகிற சத்தம். "ஆக்ஸிஜன் நல்லா இருக்கு. மூக்குல இதப் போட்டுக்க. குழாய நல்லாக் கவ்வு. இழு. இன்னும் இழு. இப்ப ஊது! ஊது, ஊது, ஊது, விடாத, உள்ள இன்னும் இருக்கு, ஊது!"

பேச்சிராஜ் ஊதினான். அது போய்க்கொண்டே இருந்தது. குழாயடியில் நின்றபடி, தான் என்ன செய்கிறோம் என்று தெரியாமல், வனமாமலையும் ஊதினான். பாதியில் நின்றுவிட்டது. அடைத்துக்கொண்டு இருமல் கிளம்பியது. தலையைக் குழாய்க்கு அடியில் கொடுத்து, தண்ணீர் இரைச்சலுக்குள் இருமினான்.

"சூப்பர்," என்றது குரல். "இந்த மாதிரி ஒருத்தர் ஊதி நான் பாக்கல. அடுத்தது யாரு?"

கார்டு திரும்பி வந்தபோது ஈரமாக இருந்தது. பேச்சிராஜின் வேர்வை.

"தொண்ணூத்தாறு பெர்சென்ட்," என்றான் அவன் மூச்சிரைக்க. "ஒன் பேர்ல இருக்கு. வச்சுக்கோ."

*

"வனமாமல! இங்க வாபா."

சூப்பர்வைசர் மோகன் கண்ணாடிக் கதவைத் திறந்து கூப்பிட்டார். வல்லக்கோட்டைக்காரர். அவர் அப்பா நெல் விதைத்த நிலம் இப்போது இந்தக் கம்பெனியின் பார்க்கிங் என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

"ஸ்வீட் எங்க?"

"சார்?"

"கன்ஃபர்ம் ஆயிட்ச்சிபா. ஆர்டர் வந்துகீது."

வனமாமலை கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டான். அம்மாவுக்குப் போன் போடவேண்டும் என்று தோன்றியது. வேறு ஒன்றும் தோன்றவில்லை.

"ஒண்ணாந்தேதிலேந்து பவுடர் கோட்டிங்," என்றார் மோகன்.

"இன்ஸ்பெக்‌ஷன் இல்லியா சார்?"

"இங்க ஏது பெர்மனென்ட் போஸ்ட்டு? இங்க எல்லாம் டிரெய்னிதான். கோட்டிங்ல ரெண்டு பேரு ஊதுற டெஸ்ட்ல பெயிலு. வெளிய எடுத்துட்டாங்க. நல்ல மூச்சு இருக்கறவன்தான் பூத்துல நிக்கணும், சேஃப்டி ரூலு. லிஸ்ட்டப் பாத்தா உன்துதான் ஷோக்கா கீது. இந்த ஒடம்புல இம்மாம் காத்து எங்கடா வெச்சிகினு கீற?"

நல்ல மூச்சு என்று எழுதியிருந்தது. நல்ல மூச்சுக்கு என்று கம்பெனியில் ஒரு இடம் இருந்தது. அங்கே அனுப்பினார்கள்.

"எனக்கு இதே இடத்துல டிரெய்னியாவே..."

மோகன் நிமிர்ந்து பார்த்தார். "பைத்தியமாடா உனக்கு? இதுக்கு வெளிய கியூ நிக்கிது."

*

பவுடர் கோட்டிங் பூத் ஒரு தகர அறை. ரிம்கள் கொக்கியில் தொங்கியபடி வரும். துப்பாக்கியால் கறுப்புப் பவுடரை ஊதவேண்டும். பவுடர் ரிம்மில் ஒட்டும். ஒட்டாதது காற்றில் நிற்கும். அங்கிருந்து ரிம் நேராகச் சூளைக்குள் போகும். சூளையின் வாய் பூத்துக்குப் பக்கத்தில். தலை முதல் கால்வரை உறை மாதிரி ஒரு உடுப்பு. முகத்தில் இரண்டு வடிகட்டி வைத்த ரப்பர் மாஸ்க்.

மாஸ்க் நல்ல மாஸ்க்தான். நல்ல மூச்சுக்காரனுக்கு. வடிகட்டி வழியாகக் காற்றை இழுக்க நெஞ்சில் பலம் வேண்டும். இருமல் வந்தால் கழற்றித் துப்பவேண்டும், கழற்றினால் பவுடர். கழற்றாவிட்டால் சளி வாய்க்குள். முதல் நாள் விழுங்கினான். இரண்டாம் நாள் வாந்தி வந்தது.

உடுப்புக்குள் வேர்வை வழிந்து பூட்ஸில் தேங்கியது. சாப்பாட்டு நேரத்தில் கெண்டைக்காலை யாரோ உள்ளிருந்து முறுக்கினார்கள். கேன்டீன் பெஞ்சில் காலை நீட்டிப் பல்லைக் கடித்தான். பையில் இருந்த உப்புப் பொட்டலத்தைப் பிரித்து மோரில் கொட்டிக் குடித்தான். எதிரே இருந்தவன், "உப்பக் குடிக்கிறியா மோரக் குடிக்கிறியா?" என்றான்.

ஒரு வாரத்தில் டம்ளரில் விழுந்தது பச்சையானது. பச்சையில் கறுப்புப் பொடி.

"எவ்வளவு தட்டுனாலும் வர மாட்டேங்குல," என்றான் பேச்சிராஜ். காலையில் தட்டுகிற நேரம் நீண்டது. அவன் தோள் வலித்தது. வலிக்கிறது என்று சொல்லவில்லை.

பேச்சிராஜ் மோகனிடம் போனான். தன்னை பூத்துக்கு மாற்றிவிட்டு, வனமாமலையை பிரெஸ்ஸுக்கு எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டான். மோகன் அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"பிரெஸ்ஸ வுட்டு பூத்துக்கு எவனாவது வருவானா? இன்னா விஷயம்?"

"சும்மா சார். அங்க சத்தம் ஜாஸ்தி."

"சத்தத்துக்குக் காதுல பஞ்சு வெச்சிக்கபா," என்றார். ஆனால் போகிறவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்கு அடுத்த காலை. மெஷின் முடிந்தது. தலையணையில் கவிழ்வதற்கு முன்னாலேயே இருமல் வந்துவிட்டது. டம்ளரைப் பிடித்தான். பச்சைக்குள் சிவப்பாக ஒரு கோடு.

பேச்சிராஜ் குழித்த கையோடு நின்றான்.

"ரத்தமா?"

"ஆமா. இன்னைக்குத் தட்டாத. ரத்தம் வந்தா தட்டக்கூடாதுன்னு வேலூர்ல சொல்லியிருக்காவ."

பேச்சிராஜ் கையை என்ன செய்வதென்று தெரியாமல் தொடையில் துடைத்தான். தலையணையை எடுத்து மறுபடி அதே இடத்தில் வைத்தான்.

கீழே இருந்து அம்சவல்லி கேட்டாள். "இன்னாபா, இன்னிக்கு சத்தத்தையே காணோம்?"

வனமாமலை டம்ளரை ஓரமாக வைத்தான்.

"மெடிக்கல் ரூமுக்குப் போறேன்," என்றான் வனமாமலை. "திரும்ப ஊதுதேன். பூத்துலயிருந்து எடுத்துருவாவ."

"கூடவே கேப்பானுவள்ல? போன மாசம் தொண்ணூத்தாறு, இந்த மாசம் என்ன கொள்ளை வந்துச்சுன்னு கேப்பானுவ. அன்னைக்கு ஊதுனவன் எவம்னு கேப்பானுவ."

"ஒம் பேரு வராது."

"நீ சொல்ல மாட்டல. எனக்குத் தெரியும். அவனுவளாக் கண்டுபிடிப்பானுவ. கண்டுபிடிச்சா எனக்கும் கார்டப் புடுங்கிருவானுவ. எங்கய்யா அடுத்த மாசம் பொண்ணு பாக்கப் போறாரு, பையன் பெர்மனென்ட்டுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு."

"அப்ப நான் என்ன செய்யட்டும்? சொல்லு."

"என்னையக் கேட்டா?"

"ஒன்னையத்தான் கேக்கேன்."

பேச்சிராஜ் சட்டையை மாட்டினான். பட்டன் இடம் மாறிப் போட்டான். கழற்றி மறுபடி போட்டான். வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டான். அவன் வண்டி தெருமுனை திரும்புகிறவரை வனமாமலை சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தான். ஒரே ஷிப்ட் விழுகிற வாரங்களில் ஒன்றாகத்தான் போவார்கள். அன்றைக்கு அவன் ஷேர் ஆட்டோவில் போனான்.

*

மெடிக்கல் ரூமில் நர்ஸ் சசிகலா தனியாக இருந்தாள். கம்பெனிக்குப் புதிது. குரலை வைத்துத் தெரிந்துகொண்டான். வேனுக்குள் கூப்பிட்ட அதே குரல்.

"மேடம், எனக்கு ஊதுற டெஸ்ட் திரும்ப எடுக்கணும்."

"எதுக்கு? எந்த செக்‌ஷன்?"

"பூத்து. மூச்சு வாங்குது."

கார்டை வாங்கிக் கம்ப்யூட்டரில் தட்டினாள். புருவம் உயர்ந்தது. "தொண்ணூத்தாறா? நல்லா ஞாபகம் இருக்கு எனக்கு. கல்லு மாதிரி இருக்கேன்னு சொன்ன ஆள்தானே? விரலக் கொடு."

கொடுத்தான்.

கிளிப்பை மாட்டப் போனவள் மாட்டவில்லை. அவன் விரலைத் திருப்பிப் பார்த்தாள். நுனி உருண்டு, நகம் கவிழ்ந்த விரல். சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் மத்து என்று கேலி செய்வார்கள். மற்றக் கையையும் எடுத்துப் பார்த்தாள். எல்லா விரலும் அப்படித்தான்.

"இது எத்தனை வருஷமா இப்படி?"

"சின்னதுலருந்து."

"இந்த விரல நான் ஒரு தடவ பாத்திருந்தா மறக்கமாட்டேன்." அவள் குரல் இறங்கிவிட்டது. "அன்னிக்கு நான் கிளிப் மாட்டினது இந்த விரல் இல்ல. அந்த ஆளுக்கு நகக்கண்ணு எல்லாம் கறுப்பு எண்ணெய்."

வனமாமலை தரையைப் பார்த்தான்.

"என்ன நோய் உனக்கு?"

சொன்னான். பெயரை முழுசாகச் சொன்னான். கம்பெனிக்குள் அந்தப் பெயரை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. இன்று காலை ரத்தம் வந்ததையும் சொன்னான்.

அவள் நாற்காலியை இழுத்து அவனுக்கு எதிரே உட்கார்ந்தாள். "பூத்துல எப்படி நின்ன?"

"நின்னேன்."

"இன்னிக்கு உன்ன ஊத வைக்கக்கூடாது. ரத்தம் வந்திருக்கு. சத்தமா இருமக்கூட வேணாம். வேலூருக்குப் போன் பண்ணு, நான் பேசுறேன்." பேனாவை எடுத்தாள். "பூத்துக்குத் தகுதி இல்லன்னு எழுதுறேன். அத எழுதினா இதையும் எழுதணும். அன்னிக்கு வந்தது வேற ஆளுன்னு. மறைச்சா நாளைக்கு என்னைத்தான் கேப்பாங்க. யார் அந்த ஆளு?"

"தெரியாது மேடம்."

"உன் கார்ட வாங்கிட்டு வந்து ஊதினவன உனக்குத் தெரியாதா?"

"தெரியாது."

அவள் எழுதத் தொடங்கினாள். எழுதுகிறபடியே, "எண்ணெய் பத்தியும் எழுதத்தான் வேணும்," என்றாள். "நான் பாத்தது அது."

*

ஹெச்ஆரில் இருந்தவர் சிவசங்கர். கோபப்படாத ஆள். தண்ணீர் பாட்டிலை வனமாமலை பக்கம் நகர்த்தினார்.

"பெயரைச் சொல்லுங்க. உங்களுக்கு உடம்பு சரியில்ல, அதை நாங்க பரிவாப் பாக்கலாம். இன்ஸ்பெக்‌ஷன்ல டிரெய்னியா வெச்சுக்கலாம். பெயரைச் சொல்லலைன்னா நீங்க வெளியில."

"தெரியாது சார்."

"நகத்துல கறுப்பு எண்ணெய்னு நர்ஸ் எழுதியிருக்காங்க. அது பிரெஸ் ஷாப். வாங்க, ஒரு நடை நடந்துட்டு வரலாம்."

பிரெஸ் ஷாப்பில் லைனை நிறுத்தினார்கள். தினம் தினம் தரையை அதிரவைக்கிற மெஷின்கள் நின்றதும் காது அடைத்தது. ஆட்கள் வரிசையாக நின்றார்கள். மோகனும் வந்திருந்தார்.

"எல்லாரும் கையை நீட்டுங்க," என்றார் சிவசங்கர்.

நீட்டினார்கள். எல்லா நகமும் கறுப்பு. யாரோ ஒருவன், "கைரேகை பாக்கறாங்கடா, கல்யாணம் எப்பன்னு கேளு," என்றான். இரண்டு பேர் சிரித்தார்கள்.

அப்போதுதான் வனமாமலைக்குப் புரிந்தது. சிவசங்கர் கைகளைப் பார்க்கவில்லை. வனமாமலையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு வந்தார். யாருக்கு முன்னால் இவன் கண் நகர்கிறது என்று.

ஒவ்வொரு கையாகப் பார்த்தான். ஒரே மாதிரி பார்த்தான். இந்தக் கை, அடுத்த கை, அடுத்தது. எல்லாக் கையும் தட்டையாக விரிந்திருந்தது. தூரத்தில் ஒரு ஜோடி மட்டும் குழிந்திருந்தது. தீர்த்தம் வாங்குகிறாற்போல். அந்தக் கைக்கு நீட்டினால் அப்படித்தான் வரும்.

பேச்சிராஜ் எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அவனுக்கு முன்னால் வந்ததும், மற்றக் கைகளைப் பார்த்த அளவு நேரமே அந்தக் கையையும் வனமாமலை பார்த்தான். நகரவேண்டும். நகரப்போகிறபோது இருமல் வந்தது. உதட்டைக் கடித்தான். அடங்கவில்லை. நெஞ்சைக் கிழித்துக்கொண்டு வந்தது, குனிந்துவிட்டான்.

பேச்சிராஜின் வலது கை எழுந்தது. குழிந்தபடியே எழுந்தது. வனமாமலையின் முதுகுக்குப் பாதித் தூரம் வந்துவிட்டது.

அங்கே நின்றது. அப்புறம் தன் பிடரிக்குப் போய்ச் சொறிந்துகொண்டது.

சிவசங்கர் குனிந்தவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "தண்ணி கொண்டு வாங்கப்பா யாராவது."

வனமாமலை கைக்குட்டையை வாயிலிருந்து எடுத்தான். சிவப்பு. மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தான். நிமிர்ந்தபோது மோகனின் கண்கள் எங்கே இருந்தன என்று பார்த்தான். அவை பேச்சிராஜின் கையில் இருந்தன.

ஒருவன் தண்ணீர் கொண்டு வந்தான்.

"சார்," என்றார் மோகன். "லைன் நின்னுகினு கீது. இன்னிக்கு டிஸ்பேட்ச் இருக்குது. இவனுங்க கைய வெச்சி இன்னா கண்டுபுடிக்கப் போறோம்? அல்லாம் ஒரே கறுப்பு."

சிவசங்கர் வாட்சைப் பார்த்தார். வனமாமலையைப் பார்த்தார். "கடைசியாக் கேக்கறேன்."

"தெரியாது சார்."

*

கேட்வரை மோகன் கூட வந்தார். கார்டை வாங்கி செக்யூரிட்டியிடம் கொடுத்தார்.

"மொதல்லயே எங்கிட்ட சொல்லி இருக்கலாம்ல?"

"முன்னாடி ஒரு கம்பெனியில சொன்னேன் சார். கேட்டுக்குள்ளயே விடல."

மோகன் ரோட்டில் கன்டெய்னர் லாரி ஒன்று போய் முடிகிறவரை நின்றார்.

"அவங்கிட்ட சொல்லு," என்றார். "அந்தக் கைய ஜேபில வெச்சிக்கச் சொல்லு."

திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனார்.

வேலூரில் இந்தத் தடவை பொது வார்டு. நரம்பு வழியாக மருந்து ஏறியது. ரத்தம் நின்றது. பச்சை மஞ்சளானது, மஞ்சள் வெளுத்தது. பேச்சிராஜ் போன் செய்யவில்லை. வனமாமலையும் செய்யவில்லை. சசிகலா ஒரு தடவை கூப்பிட்டு விசாரித்தாள். தூசி இல்லாத இடத்தில் இவன் எல்லா வேலையும் செய்யலாம் என்று டாக்டரிடம் எழுதி வாங்கச் சொன்னாள். வாங்கிக்கொண்டான். வெளியே விடுகிற அன்று அவனை ஊத வைத்தார்கள். ஐம்பத்திரண்டு பெர்சென்ட். அவனுடையது.

பஸ் ஒரகடம் வந்து சேர்ந்தபோது சாயங்காலம். மாடி ஏறினான். பாதியில் நின்று, பிறகு ஏறினான். கதவு திறந்திருந்தது. பேச்சிராஜ் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். வனமாமலையின் மெஷினைத் துடைத்து, குழாயை வெந்நீரில் அலசிக் காயவைத்திருந்தான்.

"சாப்பிட்டியா?" என்றான்.

"ம்."

விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தார்கள்.

காலையில் மெஷின் ஓடியது. புகை தீர்ந்தது. வனமாமலை மெஷினின் மூக்கு மூடியைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தான். தலையணையைத் தொடவில்லை. பேச்சிராஜ் ஷிப்டுக்குக் கிளம்பிச் சட்டை போட்டிருந்தான். அவன் கை பேன்ட் பாக்கெட்டில் இருந்தது.

"தட்டலாமா இப்ப?" என்றான் பேச்சிராஜ்.

"தட்டலாம்னு சொல்லிட்டாவ."

பேச்சிராஜ் கையை வெளியே எடுத்தான்.

"இன்னைக்கு மறைமலை நகர்ல ஒரு கம்பெனிக்குப் போறேன்," என்றான் வனமாமலை தலையணைமேல் கவிழ்ந்தபடி. "கண்ணாடி செக்கிங். அங்கயும் ஊதணுமாம்."

"ஊது."

"அம்பத்திரெண்டுன்னு நானே சொல்லிரலாம்னு இருக்கேன். பேப்பரக் காட்டி."

"சொல்லு. சேத்தா சேக்கட்டும், சேக்காட்டி போறான். பேசாமக் கெட, மூச்ச விடு."

முதல் அடி விழுந்தது. வழக்கத்தைவிட ஓங்கி விழுந்தது. இரண்டாவதும் அப்படியே. நெஞ்சுக்கூடு முழுக்க அதிர்ந்தது. வலித்தது. வனமாமலை கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டான்.

"இன்னாபா பேச்சி," கீழே இருந்து குரல் வந்தது. "வந்ததும் வராததுமா ஆரம்பிச்சிட்டியா? இன்னா தப்புப்பா பண்ணான் அவன்?"

பேச்சிராஜ் தட்டிக்கொண்டே இருந்தான்.